காலம் தவறி வந்த மருந்து
மருந்துகள் வந்த வழி – 19

சென்ற இதழில் சிஸ்பிளாட்டின் பிறந்த கதையைப் பார்த்தோம். மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் 1965-இல் தற்செயலாகக் கண்ட ஒரு வினோதம், 1978 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற மருந்தாக முடிந்தது. இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, இளைஞர்களைக் கொன்றுகொண்டிருந்த விரைப் புற்றுநோய் குணமாகும் நோயாக மாறியது. அந்த வெற்றிக்கு நோயாளிகள் கொடுத்த விலையைப் பற்றி அப்போது அதிகம் எழுதவில்லை. தடுப்பு மருந்து இல்லாமல் சிஸ்பிளாட்டின் ஏற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் வாந்தி எடுப்பார்கள். ஒரு முறை இரு முறை எடுத்து ஓய்கிற வாந்தி இல்லை அது. குடலில் எதுவும் மிச்சமில்லாத பிறகும் ஓங்கரிப்பு மணிக்கணக்கில் நீளும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் குமட்டல் தொடரும். இரண்டு மூன்று சுற்று முடிந்தவர்களில் சிலருக்கு அடுத்த ஊசிக்குக் கிளம்பும்போதே, மருத்துவமனையின் வாடை மூக்கில் பட்டதுமே, வயிறு புரட்டத் தொடங்கிவிடும். சாவைத் தள்ளிப்போடும் மருந்தை வேண்டாம் என்று பாதியில் எழுந்து போனவர்களும் உண்டு. அதனால் வாந்தியைத் தடுப்பது சௌகரியத்தைப் பற்றிய விஷயமாக இருக்கவில்லை. சிகிச்சை முழுமையாக நடக்குமா, நடக்காதா என்பதே அதில் அடங்கியிருந்தது.

இந்த இடத்தில்தான் கஞ்சா மருத்துவ வரலாற்றுக்குள் மறுபடியும் நுழைகிறது. அதைப் பற்றி இன்று இரண்டு கதைகள் உலவுகின்றன. கஞ்சா அற்புத மருந்து, அரசுகளும் கம்பெனிகளும் சேர்ந்து அதை அமுக்கிவிட்டன என்பது ஒன்று. அது வெறும் போதை, மருந்து என்பது போதைக்குப் போட்ட முகமூடி என்பது மற்றொன்று. சோதனைகளின் பதிவுகளை ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால் இரண்டுமே நிற்கவில்லை. பதிவுகள் சொல்வது வேறு: தேவை உச்சத்தில் இருந்தபோது இந்த மருந்து நோயாளியின் கைக்கு எட்டவில்லை; எட்டியபோது அதைவிட நல்ல மருந்து வந்துவிட்டது; அந்த நல்ல மருந்தும் தீர்க்காமல் விட்ட மிச்சத்துக்கு இது உதவுமா என்ற கேள்வியைப் பல ஆண்டுகள் முறையாக யாரும் கேட்கவில்லை. இந்த இதழில் நான் நிறுவ முயல்வது இவ்வளவே.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ப்ரூக் ஓ'ஷாக்னெஸி, வங்காளத்தில் வழங்கிய கஞ்சாவை முதலில் விலங்குகளுக்கும் பிறகு வாதநோய், காலரா, தசைவிறைப்பு ஜன்னி கண்டவர்களுக்கும் கொடுத்துப் பார்த்து 1839-இல் எழுதினார். மேற்கத்திய மருத்துவம் கஞ்சாவை மருந்தாக எடுத்துக்கொண்டது அங்கிருந்துதான். ஆனால் கஞ்சாச் சாறு ஒரு குப்பியில் இருந்த வீரியத்தில் இன்னொரு குப்பியில் இருக்காது. அளவு சொல்லிக் கொடுக்க முடியாத மருந்தை மருத்துவர்கள் மெல்லக் கைவிட்டார்கள். 1937-இல் அமெரிக்கா வரிச்சட்டம் போட்டு அதை ஒடுக்கியது. 1942-இல் அந்நாட்டு மருந்துத் தொகுப்பிலிருந்து நீக்கியது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஹெராயினோடு ஒரே அட்டவணையில், மருத்துவப் பயன் ஏதும் இல்லாத பொருள் என்று வைத்தது. இதற்கு நடுவே 1964-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும், போலீஸ் பறிமுதல் செய்திருந்த ஹஷீஷைக் கேட்டு வாங்கிவந்து, அதிலிருந்து டெல்டா-9-டெட்ராஹைட்ரோகேனபினால் என்ற மூலக்கூறைத் தனியே பிரித்து அதன் அமைப்பையும் சொன்னார்கள். இனி டி.எச்.சி. என்றே குறிப்பிடுகிறேன். அளவு சொல்லிக் கொடுக்கக்கூடிய பொருள் முதன்முதலாகக் கையில் கிடைத்தது. ஆக, வேதியியல் கதவைத் திறந்து ஆறே ஆண்டுகளில் சட்டம் கதவை மூடியது.

எந்த நோய்க்கு இது உதவும் என்பதைச் சொன்னது ஆய்வுக்கூடம் இல்லை, நோயாளிகள். 1970-களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்றுவந்த இளைஞர்கள் சிலர், ஊசிக்கு முன் கஞ்சா புகைத்தால் வாந்தி வருவதில்லை என்று தங்கள் மருத்துவர்களிடம் சொன்னார்கள். ஹார்வர்டின் மனநல மருத்துவர் லெஸ்டர் கிரின்ஸ்பூன் தன் மகனுக்கே இது நடந்ததைப் பின்னாளில் எழுதினார். சட்டப்படி அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட மருத்துவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஸ்டீஃபன் சாலன், நார்மன் ஜின்பெர்க், எமில் ஃப்ரை மூவரும் அப்படி விடவில்லை. அதே சமயம் சொன்னதை அப்படியே நம்பியும் விடவில்லை. டி.எச்.சி.யைக் கேப்சூலில் அடைத்தார்கள். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வெற்று மருந்தையும் தயாரித்தார்கள். எது எந்தச் சுற்றில் போகிறது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 1975-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியானது. மதிப்பிட முடிந்த நோயாளிகள் 20 பேர். டி.எச்.சி. கொடுத்த 20 சுற்றுகளில் 14-இல் குமட்டலோ வாந்தியோ குறைந்தது. வெற்று மருந்து கொடுத்த 22 சுற்றுகளில் ஒன்றில்கூடக் குறையவில்லை. அதே குழு 1980-இல் டி.எச்.சி.யை அன்றைய வழக்கமான வாந்தி மருந்தான புரோகுளோர்பெரசினுக்கு எதிரே நிறுத்தியது: முழு நிவாரணம் டி.எச்.சி.க்கு 79 சுற்றுகளில் 36, புரோகுளோர்பெரசினுக்கு 78-இல் 16. இரண்டையும் வாங்கிப் பார்த்த 25 பேரில் 20 பேர் டி.எச்.சி.யையே கேட்டார்கள்.

இடையில் எலை லில்லி கம்பெனி நபிலோன் என்ற செயற்கைக் கேனபினாய்டை, அதாவது டி.எச்.சி.யைப் போல வேலை செய்யும் பொருளை, உருவாக்கியிருந்தது. ஐன்ஹார்னின் குழு அதைப் புரோகுளோர்பெரசினோடு ஒப்பிட்டு 1979-இல் வெளியிட்ட சோதனையில், மதிப்பிட்ட 113 பேரில் நபிலோனுக்கு 90 பேரும் புரோகுளோர்பெரசினுக்கு 36 பேரும் பலன் கண்டார்கள். ஆனால் இந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நபிலோனால் தொல்லை முற்றிலும் நின்றுபோனவர்கள் ஒன்பதே பேர். பலன் என்றால் குறைந்தது என்று பொருள், நின்றது என்று பொருள் இல்லை. அதே 1979-இல் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த முடிவு இன்னும் நிதானமானது. 116 பேர், நடுவயது 61, பெரும்பாலும் வயிறு, குடல் புற்றுநோய் கண்டவர்கள். டி.எச்.சி. வெற்று மருந்தைவிட மேலாக இருந்தது. புரோகுளோர்பெரசினைவிட மேலாக இல்லை. தலைசுற்றலும் மனக்குழப்பமும் மிக அதிகம். இருபது வயதுக்காரர் தாங்கிக்கொண்ட கிறக்கம் அறுபது வயதுக்காரருக்கு அச்சமாக இருந்திருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நடந்த சோதனைகளும் ஒரே திசையில் போகவில்லை. அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் வாங்கிய 15 பேரில் 14 பேருக்கு டி.எச்.சி. உதவியது. அதே ஆய்வாளர்கள் அட்ரியாமைசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் வாங்கியவர்களிடம் சோதித்தபோது பலனே இல்லை. எந்த மருந்து வாந்தியை உண்டாக்கியது, நோயாளிக்கு என்ன வயது, ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும் மருந்து இது. அற்புதம் என்ற சொல்லுக்கு இதில் இடமில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. டி.எச்.சி. வாங்கியவருக்குக் கிறக்கம் வரும். கிறக்கம் வந்ததுமே தான் வாங்கியது மெய்யான மருந்து என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு இரட்டை மறைப்பு என்ற பேச்சுக்கு என்ன பொருள்? 1975-ஆம் ஆண்டுக் கட்டுரையே, கிறக்கத்தில் இருந்தபோது எவரும் வாந்தி எடுக்கவில்லை என்று பதிவு செய்திருக்கிறது. அப்படியானால் அடங்கியது குமட்டலா, அல்லது குமட்டலைப் பற்றிய கவலை மட்டுமா? இந்த மறுப்பை எளிதாகத் தள்ள முடியாது. அந்தக் காலத்து எண்கள் உண்மையைவிடச் சற்று உப்பியிருக்கக்கூடும் என்றே நானும் எண்ணுகிறேன். ஆனாலும் மறுப்பை முழுதாக ஏற்க விடாத சான்றுகள் இருக்கின்றன. கிறக்கத்தைப் பற்றி எந்த எதிர்பார்ப்பும் இல்லாத உயிர்களிடமும் இந்த மூலக்கூறு வாந்தியை நிறுத்துகிறது. எலிக்கு வாந்தி எடுக்கவே தெரியாது. ஆகவே ஆய்வாளர்கள் மூஞ்சூறையும் ஃபெரட் என்ற கீரி போன்ற விலங்கையும் தேடிப் போனார்கள். 2001-இல் நிசார் தர்மானி, மூஞ்சூறின் கேனபினாய்டு ஏற்பிகளை ஒரு மருந்தால் அடைத்தபோது அது வாந்தி எடுத்தது, டி.எச்.சி. கொடுத்ததும் அந்த வாந்தி அடங்கியது. இதற்குள் உடலிலேயே இந்த ஏற்பிகள் இருப்பது தெரிந்திருந்தது. 1988-இல் ஆலின் ஹௌலெட்டின் ஆய்வுக்கூடம் மூளையில் அவை இருப்பதைக் காட்டியது. 1992-இல் மெக்கூலமின் குழு அந்த ஏற்பியில் பொருந்தும் பொருளை உடலே சுரக்கிறது என்று கண்டு, ஆனந்தம் என்ற சொல்லிலிருந்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டது. மூளைத்தண்டில் வாந்தியை ஆளும் பகுதியிலும் இந்த ஏற்பிகள் இருக்கின்றன. நிவாரணத்துக்கு உடலில் ஒரு வழி இருக்கிறது. அது மனப்பிரமை மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் நிவாரணமும் கிறக்கமும் ஒரே ஏற்பியின் வழியாக வருகின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பது இன்றுவரை கடினமாக இருப்பதன் காரணம் அதுவே.

சட்டத்தின் பங்குக்கு வருவோம். 1978-இல் நியூ மெக்ஸிகோ மாநிலம், கீமோதெரபி நோயாளிகளுக்கு ஆய்வு என்ற பெயரில் கஞ்சா கொடுக்க ஒரு சட்டம் இயற்றியது. அதற்காக வாதாடியவர் லின் பியர்சன் என்ற முன்னாள் படைவீரர், அவரே புற்றுநோயாளி. மாநிலம் சட்டம் போட்டாலும் பொருள் மத்திய அரசின் கையில் இருந்தது. படிவங்களும் ஒப்புதல்களும் அலைந்துகொண்டிருந்த அதே ஆண்டில் பியர்சன் இறந்துவிட்டார். அவர் பெயர் தாங்கிய திட்டம் அவருக்கு உதவவில்லை. 1986 வரை சுமார் 250 நோயாளிகள் அத்திட்டத்தால் பயன்பெற்றார்கள். நியூயார்க் மாநிலத் திட்டத்தில், வழக்கமான மருந்துகள் கைவிட்ட 56 பேரிடம் கஞ்சாப் புகை 78 விழுக்காட்டினருக்குப் பலன் தந்ததாக 1988-இல் எழுதினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் அதன்மேல் அதிக பாரம் ஏற்ற முடியாது. 1980-களின் தொடக்கத்துக்குள் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றின. அவற்றில் பல தாளிலேயே நின்றன. 1985 மே மாத இறுதியில்தான் டி.எச்.சி. கேப்சூலுக்கு மரினால் என்ற பெயரில் ஒப்புதல் கிடைத்தது. சாலன் குழுவின் கட்டுரைக்கும் இதற்கும் இடையில் பத்து ஆண்டுகள். சிஸ்பிளாட்டினுக்கு எதிராகத் திடமான கவசம் ஏதும் இல்லாத பத்து ஆண்டுகள் அவை. இந்தத் தாமதத்துக்கு மருத்துவ நியாயம் எதையும் என்னால் காண முடியவில்லை. குறைபாடுள்ள மருந்து என்பது உண்மை. ஆனால் குறைபாடுள்ள வேறு மருந்துகளை எல்லாம் மருத்துவர்கள் அன்று தடையில்லாமல் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, 1985-இல் மாத்திரை வந்துவிட்டதே, பிறகும் ஏன் அது பரவவில்லை? பழியை முழுவதும் சட்டத்தின் தலையில் போடுபவர்கள் இந்தக் கேள்விக்கு நேரே நிற்பதில்லை. மரினால் என்பது டி.எச்.சி.யை நல்லெண்ணெயில் கரைத்து மென்மையான கேப்சூலில் அடைத்தது. விழுங்கிய மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் வழியிலேயே சிதைத்துவிடுகிறது. ரத்தத்தில் முழுதாகச் சேர்வது 10 முதல் 20 விழுக்காடு. அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். உச்ச விளைவுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவரிடம் மாத்திரையை விழுங்கச் சொல்லும் சங்கடம் வேறு. புகைத்தால் நிமிடங்களில் பலன் தெரியும், போதும் என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று நோயாளிகள் சொன்னதில் பொருள் இருந்தது. எனினும் புகைக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. கீமோதெரபியால் வெள்ளையணுக்கள் சரிந்து கிடக்கும் உடலுக்குள், கஞ்சா இலையில் ஒட்டியிருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரல் வழியே இறங்கினால் உயிருக்கே உலை. ஆகவே அன்றைய நோயாளிக்குக் கிடைத்தவை இரண்டு: மெதுவான, கணிக்க முடியாத மாத்திரை, விரைவான, சட்டவிரோதமான, தொற்று அபாயமுள்ள புகை. இந்த நெருக்கடி எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு 1990-இல் ரிச்சர்ட் டாப்ளினும் மார்க் க்ளைமனும் எடுத்த கணக்கெடுப்பு சாட்சி. பதிலளித்த 1,035 புற்றுநோய் மருத்துவர்களில் 44 விழுக்காட்டினர், சட்டவிரோதம் என்று தெரிந்தே ஒரு நோயாளிக்காவது கஞ்சாவைப் பரிந்துரைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1988 செப்டம்பரில், போதைத்தடுப்பு நிர்வாகத்தின் நிர்வாக நீதிபதி ஃப்ரான்சிஸ் யங், பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு, கஞ்சாவை மருத்துவப் பயன் உள்ள பொருள்களின் அட்டவணைக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்திருந்தார். 1989 டிசம்பரில் அந்த நிர்வாகத்தின் தலைவரே அதை நிராகரித்தார்.

இந்தச் சட்டச் சண்டை உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில், வேறொரு மூலையில், கஞ்சாவோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் விடை உருவாகிக்கொண்டிருந்தது. நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் மையத்தில் ரிச்சர்ட் கிரால்லா, பழைய மருந்தான மெட்டோகுளோபிரமைடை வழக்கத்தைவிடப் பல மடங்கு கூட்டிக் கொடுத்து, சிஸ்பிளாட்டின் வாந்தி குறைவதை 1981-இல் காட்டினார். 1984-இல் அதை டி.எச்.சி.யோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார். சிஸ்பிளாட்டின் வாந்தியில் மெட்டோகுளோபிரமைடே தெளிவாக முந்தியது. குறைந்த அளவில் பயன்படாத மருந்து அளவு கூடியதும் ஏன் வேலை செய்கிறது? டோபமின் ஏற்பியை அடைப்பதுதான் அதன் வேலை என்றால் இது விளங்காது. அளவு கூடும்போது செரடோனினின் 5-எச்.டி.3 ஏற்பியையும் அது அடைக்கிறது என்று தெரிந்தபோது புதிர் அவிழ்ந்தது. சிஸ்பிளாட்டின் குடல் சுவரின் சில செல்களைத் தாக்குகிறது; அவை செரடோனினைக் கொட்டுகின்றன; அது வேகஸ் நரம்பின் முனைகளைத் தூண்டுகிறது; செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. 1986-இல் பிரிட்டனில் ஃபெரட்டுகளுக்கு 5-எச்.டி.3 அடைப்பானைக் கொடுத்தபோது சிஸ்பிளாட்டின் வாந்தி நின்றுபோனது. 1991 ஜனவரியில் கிளாக்ஸோவின் ஆன்டன்செட்ரான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நம் ஊர் மருந்துக்கடைகளில் எமிசெட் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மருந்துதான். கிறக்கம் இல்லை, மனக்குழப்பம் இல்லை, ஊசியாக ஏற்றலாம், அளவு திட்டவட்டம். இந்தப் போட்டியில் கஞ்சா தோற்றது சட்டத்தால் இல்லை. வாந்தி எங்கே பிறக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர்களிடம் தோற்றது.

இதனால்தான் காலம் தவறிய மருந்து என்கிறேன். கீமோதெரபி வாந்தியை முன்னிறுத்திக் கலிஃபோர்னியா வாக்காளர்கள் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது 1996 நவம்பரில். 2003-இல் அப்ரெபிட்டன்ட் வந்தது. இரண்டாம் மூன்றாம் நாள் வாந்திக்குக் காரணமான சப்ஸ்டன்ஸ்-பி என்ற பொருளின் வேலையை அது தடுத்தது. கஞ்சாவுக்கான குரல் பலமாக ஒலித்த ஆண்டுகளும், வாந்திக்கு அதன் தேவை சுருங்கிய ஆண்டுகளும் ஒன்றாகவே இருந்தன. 2001-இல் மார்ட்டின் டிராமேரின் குழு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 30 சோதனைகளையும் 1,366 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்து அலசியது. கேனபினாய்டுகள் பழைய வாந்தி மருந்துகளைவிட மேலானவை. நோயாளிகள் அவற்றையே விரும்பினார்கள். ஆனால் தலைசுற்றல், மனச்சோர்வு, சிலருக்கு இல்லாததைக் காணும் பிரமை ஆகியவையும் உண்டு என்றது முடிவு. ஒப்பிட்ட மருந்துகள் எல்லாம் பழையவை என்பதைக் கவனிக்க வேண்டும். 2015-இல் காக்ரேன் மதிப்பாய்வு எடுத்துக்கொண்ட 23 சோதனைகளில் பெரும்பாலானவை 1975-க்கும் 1991-க்கும் இடைப்பட்டவை. ஆன்டன்செட்ரான் வந்ததும் ஆய்வு ஏறக்குறைய நின்றுவிட்டது.

நின்றது சரிதானே, நல்ல மருந்து வந்த பிறகு பழையதை ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். நான் மாறுபடுவது இந்த இடத்தில்தான். நல்ல மருந்து தீர்த்தது எதை? வாந்தியை. புற்றுநோய்ச் சோதனைகளில் முழுப் பலன் என்ற சொல்லுக்குத் தரப்படும் இலக்கணம் இது: வாந்தி எடுக்கவில்லை, கூடுதல் மருந்தும் கேட்கவில்லை. இதில் குமட்டல் இல்லை. நாள் முழுவதும் வயிறு புரண்டபடி, சோற்றைக் கண்டால் முகம் திருப்பியபடி கிடந்தவரும், வாந்தி எடுக்காமலும் மருந்து கேட்காமலும் இருந்திருந்தால், கணக்கில் முழுப் பலன் பெற்றவரே. வாந்தியைத் தாதி எண்ணலாம். குமட்டலை நோயாளி சொன்னால்தான் தெரியும். எண்ண முடிந்ததைத் தீர்த்துவிட்டு, சொல்ல வேண்டியதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது மருத்துவம். செரடோனின் அடைப்பான்கள் வாந்தியை அடக்கும் அளவுக்குக் குமட்டலை அடக்குவதில்லை. முதல் நாளுக்குப் பிந்திய குமட்டலில் அவற்றின் பிடி இன்னும் தளர்வு. 2007-இல் வெளியான ஒரு சிறு சோதனை, 64 பேரிடம், முதல் நாளுக்குப் பிந்திய தொல்லைக்கு டி.எச்.சி.யை ஆன்டன்செட்ரானோடு ஒப்பிட்டது. குமட்டல் இல்லாதிருந்தவர்கள் டி.எச்.சி. குழுவில் 71 விழுக்காடு, ஆன்டன்செட்ரான் குழுவில் 64, வெற்று மருந்தில் 15. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் இல்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து வெற்றி தோல்வி சொல்ல முடியாது. கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

அந்தக் கேள்வியை உரிய மரியாதையோடு கேட்டவர்கள் ஆஸ்திரேலியர்கள். பீட்டர் கிரிமிசனின் குழு, நவீன வாந்தி மருந்துகளை எல்லாம் வாங்கியும் தொல்லை தீராதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்கு அதே மருந்துகளோடு டி.எச்.சி.யும், கஞ்சாவின் இன்னொரு மூலக்கூறான சி.பி.டி.யும் தலா 2.5 மில்லிகிராம் சேர்ந்த கேப்சூலையோ வெற்றுக் கேப்சூலையோ கொடுத்தது. 147 பேரின் இறுதி முடிவு 2024-இல் வெளியானது. முழுப் பலன் கண்டவர்கள் கேனபினாய்டு குழுவில் 24 விழுக்காடு, வெற்று மருந்துக் குழுவில் 8. இந்த எண்களை அப்படியே பாருங்கள். நான்கில் மூன்று பேருக்கு முழுப் பலன் இல்லை. ஆனால் எல்லா மருந்தும் கைவிட்டவர்களிடையே, மூன்று மடங்குப் பேர் மீண்டிருக்கிறார்கள். கிறக்கம், தலைசுற்றல், தூக்கம் முதலியவை கேனபினாய்டு குழுவில் கூடுதலாக இருந்தன. முதல் கட்ட முடிவில், இரண்டையும் வாங்கிப் பார்த்தவர்களில் 83 விழுக்காட்டினர் அந்தத் தொல்லையோடு சேர்த்தே கேனபினாய்டை விரும்பியதாகச் சொன்னார்கள். 1975-இல் கேட்டிருந்த கேள்விக்கு ஏற்ற இடம் 2024-இல்தான் அகப்பட்டது: முதல் மருந்தாக அல்லாமல், மற்றவை எல்லாம் தீர்ந்த பிறகு சேர்த்துக்கொள்ளும் மருந்தாக. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019-இல் நபிலோனுக்குத் தந்த இடமும் இதுவே.

இதை வைத்துக்கொண்டு, கஞ்சா அடித்தால் குமட்டல் தீரும் என்ற முடிவுக்கு யாரும் தாவக்கூடாது. சோதனைகளில் கொடுத்தது அளந்த மில்லிகிராம். தெருவில் கிடைப்பதில் எவ்வளவு டி.எச்.சி. இருக்கிறது, என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. நீண்ட நாள் அதிகம் புகைப்பவர்களுக்குக் கஞ்சாவே ஓயாத வாந்தியைக் கொண்டுவரும் என்பது 2004-இல் அடிலெய்டு மலைப்பகுதியிலிருந்து வந்த ஆய்வால் தெரியவந்தது. வாந்தியை அடக்கும் அதே ஏற்பிகள், அளவுக்கு மீறித் தூண்டப்படும்போது எதிர்த்திசையில் போய்விடுகின்றன போலும். ஓ'ஷாக்னெஸியின் குப்பியில் தொடங்கிய அளவுச் சிக்கல் இன்னும் நம்மை விடவில்லை.

இந்தியாவிலும் 1985 ஒரு முக்கிய ஆண்டு. அமெரிக்கா டி.எச்.சி. கேப்சூலுக்கு ஒப்புதல் தந்த அதே ஆண்டு நவம்பரில் நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2020 டிசம்பரில், ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து எடுக்க 27-க்கு 25 என்று வாக்களித்தபோது, எடுக்கலாம் என்ற பக்கம் இந்தியாவும் நின்றது. வாக்களித்ததோடு நில்லாமல், நவீன மருந்துகள் கைவிட்ட கீமோதெரபி நோயாளிகளிடம் அளந்த கேனபினாய்டைச் சோதித்துப் பார்க்க நம் புற்றுநோய் மையங்களுக்கு வழி திறந்துவிட வேண்டும். அது நடக்கும்வரை நோயாளிகளுக்கும் உடனிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுக்குப் போகும்போது வாந்தி வந்ததா என்று மட்டும்தான் பெரும்பாலும் கேட்பார்கள். வாந்தி இல்லை, ஆனால் மூன்று நாள் குமட்டல் இருந்தது, சாப்பிட முடியவில்லை என்றால், அதையும் சொல்லுங்கள். அப்ரெபிட்டன்ட், ஓலன்சபின் என்று இன்று கைவசம் இருக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதா என்று மருத்துவர் முடிவெடுப்பது நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரியை வைத்துத்தான்.

(தொடரும்)